கட்டிலுக்கு அடியில் ஒன்பது நாள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வங்கியில் பணிபுரியும் அவர், கணவர், ஒன்பது வயது மகள், மாமியார் ஆகியோருடன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறார். வீட்டில் சைவச் சமையல். மகளின் நெடுநாள் ஆசைக்காக, ஆதரவற்ற பிராணிகளைப் பராமரிக்கும் ஒருவரிடமிருந்து இரண்டு வயதுப் பெண்பூனை ஒன்றைத் தத்தெடுத்திருக்கிறார்கள். அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றுவிட்டார். எந்நேரமும் அவர் மடியிலேயே கிடந்த பூனை என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். வந்த அன்றே டெட்டால் கலந்த நீரில் குளிப்பாட்டி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளை அழைத்துக் காட்டி, வீடு முழுக்க உலவவும் விட்டிருக்கிறார்கள். அன்று படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் நுழைந்த பூனை, ஒன்பது நாளாகியும் பகலில் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மகள் கையை விட்டு இழுத்தபோது பிறாண்டியதில் இரத்தம் வந்திருக்கிறது. மாமியார் மஞ்சள் வைத்துவிட்டிருக்கிறார். பாலையும் தயிர்சாதத்தையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கும் பூனை, கூடவே வந்த உலர் தீவனத்தை மட்டும் இரவில் கொறிக்கிறது. நள்ளிரவில் கத்துகிறது. மாமியாரின் மெத்தையில் இரண்டு முறை சிறுநீர் கழித்துவிட்டது.

“அதற்கு எங்களைப் பிடிக்கவில்லையா? ஒரு வாரம் கட்டிலின் காலில் கட்டிப் போட்டால் பழகிவிடும் என்கிறார் மாமியார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடலாம், பிழைத்துக்கொள்ளும் என்கிறார் கணவர். என்ன செய்வது?” என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போய்விட்ட உங்கள் மகளின் காயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. இரத்தம் கசியும் அளவுக்குப் பூனை பிறாண்டினால், அது வீட்டுப் பூனையே ஆனாலும், வெறிநோய்த் தடுப்பைப் பொறுத்தவரை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டிய காயம். உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பியிருக்கக் கூடாது. ஆறு நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், இன்றே மகளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தோலுக்குள் போடும் முறையில் தொடங்கும் நாள், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாள் கழித்து என நான்கு முறை ஊசி. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. காயத்தின் தன்மையைப் பார்த்து, கூடுதல் மருந்து தேவையா என்பதையும் டெட்டனஸ் ஊசியையும் அவர்கள் முடிவு செய்வார்கள். போகும்போது பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். கடைசி ரேபீஸ் ஊசி பதினான்கு மாதங்களுக்கு முன்பு போடப்பட்டதாக நீங்கள் குறிப்பிட்டிருப்பதால் அதன் காலக்கெடு கடந்திருக்கிறது.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளர்ந்த, முன்பு ஊசி போட்ட பூனைக்கு வெறிநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பிறாண்டிய நாளிலிருந்து பத்து நாள் அது நலமாக இருந்தால் அந்தச் சிறு ஐயமும் நீங்கிவிடும், அதன்பின் மீதி ஊசிகளைத் தொடர்வதா என்பதை மருத்துவர் சொல்வார். ஆனால் அந்தப் பத்து நாளைக் காத்திருந்து பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். வெறிநோய் வந்தபின் மருத்துவம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அடுத்த சில வாரங்களில் மகளுக்குக் காய்ச்சலோ, அக்குளில் நெறிகட்டுதலோ வந்தால், பூனை பிறாண்டியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். பூனைப் பிறாண்டலால் பரவும் ஒரு பாக்டீரியாத் தொற்று உண்டு. பெரும்பாலும் தானே குணமாகிவிடும்.

இனிப் பூனைக்கு வருகிறேன்.

பிடிக்கவில்லையா, பயமா?

நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பூனைக்கு நன்றி இல்லை என்ற பொருளில் அதைச் சொல்வார்கள். ஆளோடு ஒட்டாது என்பதை நான் ஏற்க மாட்டேன்; உங்கள் பூனையே இரண்டு வருடம் ஒருவர் மடியில் கிடந்திருக்கிறது. ஆனால் பின்பாதியில் உண்மை உண்டு. பூனை தன் கன்னத்தையும் விலாவையும் கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை வீடு முழுவதும் பூசி வைக்கிறது. அந்த வாசனை இருக்கும் இடம்தான் அதற்கு ஆபத்தில்லாத இடம். அந்த வீடும் போய், அந்த ஆளும் போய், நடுவில் இன்னொருவர் வீட்டில் சில நாள் இருந்து, இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. வந்த அன்றே நீங்கள் டெட்டால் ஊற்றிக் கழுவியதில், அதன் உடம்பில் மிச்சமிருந்த சொந்த வாசனையும் போய்விட்டது. கட்டிலுக்கு அடியில் போகாமல் வேறு எங்கே போகும்?

டெட்டாலைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள ஃபீனால் வகை வேதிப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரோமத்தில் ஒட்டியதை நக்கினால் வாய்ப்புண்ணும் நச்சுப் பாதிப்பும் வரும். ஒன்பது நாள் கடந்தும் எச்சில் ஒழுகாமல் தீவனம் கொறிக்கிறது என்பதால் தப்பித்துவிட்டது என்றே கொள்கிறேன். இதே குறைபாட்டால்தான் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். உடம்பு சுடுகிறதே என்று குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தில் பாதியைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் மூச்சுத் திணறும் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆரோக்கியமான பூனைக்குக் குளியல் தேவையே இல்லை. அது நாள் முழுவதும் தன்னைத் தானே குளிப்பாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

புது வீட்டில் ஒளிவதை மட்டும் வைத்து நோய் என்று எண்ண வேண்டாம். ஒளிய இடம் கிடைப்பதே மருந்து. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்து, பெட்டி கிடைத்தவை விரைவாக அமைதியடைந்தன என்று 2014இல் எழுதினார்கள். அட்டைப்பெட்டிக்குக் காசு செலவில்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோது வந்தது பரணில் இருந்தால் இறக்குங்கள். அதைவிடச் சிறியது இன்னும் நல்லது.

முதலில் ஓர் அறை

இரண்டு படுக்கையறை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். பூனைக்கு இந்தப் பரப்பு மிகப் பெரிது. அது ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்ட படுக்கையறையை இரண்டு வாரத்துக்கு அதற்கே விட்டுவிடுவதும், நீங்கள் கூடத்தில் படுத்துக்கொள்வதும் நல்லது. முடியாவிட்டால், இரவு நீங்கள் அங்கேயே உறங்கலாம், ஆனால் விருந்தினரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அந்த அறைக்குள் வரக் கூடாது. ஒரு மூலையில் தண்ணீரும் தீவனமும், அதற்கு நேரெதிர் மூலையில் மணல் தட்டு, பக்கவாட்டில் வழி வெட்டிய அட்டைப்பெட்டி, நகம் கூர்தீட்டச் சணல் கயிறு சுற்றிய ஒரு கட்டை அல்லது பழைய கோணிச் சாக்கு, பீரோ மேலோ அலமாரி மேலோ ஏறிப் பார்க்க ஒரு வழி, இவை போதும். பெட்டிக்குள் போடும் துணியைத் துவைக்காதீர்கள். முன்பு இருந்த வீட்டிலிருந்து ஒரு பழைய துண்டோ படுக்கையோ கிடைக்குமா என்று பூனையைக் கொடுத்தவரிடம் கேளுங்கள். கிடைத்தால் நான் சொல்லும் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே அதிகம் உதவும்.

பெட்டி தயாரானதும், கட்டிலடியிலிருந்து அதை இழுத்துப் பெட்டிக்குள் வைக்கத் தோன்றும். வேண்டாம். பெட்டியைக் கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். அது தானாக மாறும்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது, கூச்சலிடாமல் செய்யக்கூடிய வேலை. மாலையில் அரை மணி நேரம் அந்த அறையின் தரையில், கட்டிலுக்கு முதுகைக் காட்டியோ பக்கவாட்டிலோ அமர்ந்து, பள்ளிப் பாடத்தை மெல்லிய குரலில் வாய்விட்டுப் படிக்கட்டும். பூனையைத் திரும்பிப் பார்க்கவோ, பெயர் சொல்லி அழைக்கவோ, கையை நீட்டவோ கூடாது. சில நாளில் அவள் முழங்காலை முகர வரும். அப்போதும் தொடாமல், ஒரு விரலை அதன் மூக்கு உயரத்தில் அசையாமல் வைக்கட்டும். கன்னத்தை விரலில் தேய்த்தால் கன்னத்தையும் தாடையையும் மூன்று விநாடி வருடிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். மறுபடி வேண்டுமென்றால் அதுவே கேட்கும். வயிற்றைக் காட்டிப் புரண்டால் தடவச் சொல்லவில்லை என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பது பூனை மொழியில் சண்டைக்கு அழைப்பது; கண்களை மெதுவாகச் சொருகி மெதுவாகத் திறப்பது எனக்கு உன்னிடம் பகையில்லை என்று சொல்வது. அப்படிக் கண்சிமிட்டிய மனிதரிடம் பூனைகள் பதிலுக்குக் கண்சிமிட்டுவதையும், அவர் நீட்டிய கையை நோக்கிக் கூடுதலாக வருவதையும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல விளையாட்டு எது?

பாலும் தயிர்சாதமும்

சைவ வீடு என்பதால் பூனையும் பால், தயிர்சாதத்தில் வளர்ந்துவிடும் என்று எண்ணியிருக்கிறீர்கள். கிராமத்து வீடுகளில் தயிர்சாதம் தின்று வளர்ந்த பூனைகளை நானும் அறிவேன். அவை வைக்கோற்போரிலும் தானியக் குதிரிலும் எலி, ஓணான், தட்டான் என்று மீதியைத் தாமே பிடித்துத் தின்றன. மூன்றாம் தளத்து வீட்டில் அந்த மீதி கிடையாது. டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்தே போதிய அளவு கிடைத்தாக வேண்டும். அது பெரும்பாலும் மாமிசத்தில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் சில மாதங்களில் விழித்திரையும் இதயத் தசையும் கெடத் தொடங்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதே இல்லை, வயிற்றுப்போக்கில் முடியும்.

இதற்காக உங்கள் அடுப்பில் மீன் வேகவைக்க வேண்டியதில்லை. இப்போது கொறிக்கும் அதே உலர் தீவனமே, உறையில் முழுமையான உணவு என்று அச்சிட்டிருந்தால், போதுமானது. அதற்கென ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, மூடிய டப்பா ஆகியவற்றைப் படுக்கையறையிலேயே வைத்துக்கொண்டால் சமையலறைக்கும் அதற்கும் தொடர்பே இராது; மாமியாரிடம் இதைச் சொல்லி ஒப்புதல் பெறுவது எளிது என்றே எண்ணுகிறேன். தீவனத்தை மாற்ற நினைத்தால், அது அறைக்கு வெளியே வந்து பழகியபின், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஏழெட்டு நாளில் மாற்றுங்கள். நகர்த்தக் கூடாத எல்லை ஒன்று உண்டு. பூனை ஒருநாள் முழுவதும் எதையுமே தின்னவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள், இரண்டு நாள் தின்னவில்லை என்றால் நேரில் கொண்டு செல்லுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பசித்தால் தானே வரும் என்று விட்டுப் பிடிப்பது நாயிடம் செல்லுபடியாகலாம், பூனையிடம் ஆகாது. இரவில் எவ்வளவு தீர்கிறது என்பதை ஒரு தேக்கரண்டிக் கணக்கில் அளந்து குறித்து வையுங்கள்.

மெத்தை

பழி வாங்குகிறது என்று உங்கள் மாமியார் நினைப்பது புரிகிறது. கட்டிப் போடச் சொன்னவரின் மெத்தையிலேயே அது நடந்ததால் எனக்கும் சற்றுச் சிரிப்பு வந்தது. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மணல் தட்டு பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கிறதென்று. கட்டிலடியிலிருந்து கூடத்தைக் கடந்து, நான்கு பேர் நடமாட்டத்தைத் தாண்டி, உறுமும் இயந்திரத்தின் அருகே போய் உட்காரச் சொல்கிறோம். வழியில் மெத்தையிருந்தது, மென்மையாக, உறிஞ்சக்கூடியதாக, மனித வாசனையோடு இருந்தது. தட்டை இன்றே அறைக்குள் கொண்டு வாருங்கள். பூனையின் உடல் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள, மூடியில்லாத தட்டு நல்லது; துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியே போதும். முன்பு எந்த மணலுக்குப் பழகியதோ அதையே கேட்டு வாங்கி, காலையும் மாலையும் கட்டிகளை அள்ளிவிடுங்கள். மெத்தையில் நொதிகள் கலந்த, செல்லப்பிராணிச் சிறுநீருக்கென்றே விற்கும் திரவத்தைப் பயன்படுத்துங்கள். ஃபினைல் ஊற்ற வேண்டாம். அதன் நெடி பூனையை மிரட்டும், கறுப்பு ஃபினைல் நஞ்சும்கூட. மாமியார் அறைக் கதவை இரண்டு வாரம் சாத்தியே வைக்கலாம்.

தட்டை மாற்றிய பிறகும் தொடர்ந்தால், அல்லது அடிக்கடி போய் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகக் கழித்தால், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

நள்ளிரவுக் கத்தலைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. வீடு அடங்கிய பின் வெளியே வந்து சுற்றிப் பார்க்கிறது என்பதற்கு அதுதான் சான்று. படுக்கும் முன் ஒரு குச்சியில் கயிறு கட்டி, அதன் முனையில் காகிதத்தை முடிந்து தரையில் இழுத்துக் காட்டுங்கள். முதல் சில நாள் வெறுமனே பார்க்கும், பிறகு பாயும். விளையாட்டு முடிந்ததும் தீவனம். கத்தும்போது எழுந்து போய்த் தூக்கினால் நாளையும் அதே நேரத்தில் கத்தும்.

கட்டிப் போடுவதும் விட்டுவிடுவதும்

கோணிப்பையில் போட்டு வழி தெரியாமல் கொண்டுவருவதும், ஒரு வாரம் கட்டிப் போடுவதும் நம் பக்கத்துப் பழைய வழக்கங்கள்தான். திறந்த முற்றமும் ஓட்டுக்கூரையும் இருந்த வீட்டில் பூனை ஓடிவிடாமலிருக்கச் செய்தார்கள். உங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் அந்த வேலை முடிந்தது. பயந்த பூனையைக் கயிற்றில் கட்டினால் அது கட்டிலின் மறுபக்கம் தாவிக் கழுத்து இறுகும். பிழைத்தாலும், இந்த வீட்டில் ஒளியக்கூட இடமில்லை என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

மீன் சந்தை யோசனைக்கு உங்கள் கணவரிடம் இரண்டைச் சொல்லுங்கள். வளர்ப்புப் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் என்பதால், சட்டத்துக்கு அஞ்சி யாரும் திருந்திவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆகவே இரண்டாவதே முக்கியம். சந்தையில் ஒவ்வொரு கடையடியும் ஏதோ ஒரு பூனையின் எல்லை. நாயைப் பார்த்திராத, சாலையைக் கடந்தறியாத, கட்டிலுக்கு அடியிலிருந்தே வெளியே வர முடியாத பூனை, அங்கே மீன் தலைக்காகக் கடுவன்களோடு போட்டியிடும் என்று எதிர்பார்க்கிறோமா?

மாறாக, உங்களால் முடியவில்லை என்றால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலோர் திட்டாமல் வாங்கிக்கொள்வார்கள். மாமியாருக்கு இளைப்போ தும்மலோ வந்து மருத்துவர் பூனை ஒவ்வாமை என்று உறுதி செய்தால் நானே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மிகவும் கிட்டத்தில் இருக்கிறது. வளர்ந்த பூனை பயம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் புரிய மூன்று வாரம், தன் வீடென்று உணர மூன்று மாதம் என்று எங்கள் வட்டத்தில் ஒரு தோராயக் கணக்குச் சொல்வோம். முதல் மூன்று நாளில் நேர்ந்தவற்றைப் பார்த்தால், உங்கள் கணக்கை இன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவதுதான் நியாயம்.

அந்த மூன்று வாரத்தின் முடிவில் தீபாவளி வருகிறது. இதைத்தான் உங்கள் கணவரிடம் தேதியாகப் பேசச் சொல்வேன். வெடிச் சத்தத்தில் திறந்திருக்கும் கதவு வழியே பாய்ந்து காணாமல் போகும் பூனைகளைத் தேடி ஒவ்வோர் ஆண்டும் அந்த வாரத்தில் எனக்கு அழைப்புகள் வரும். அதற்குள் பால்கனிக்கும் சன்னல்களுக்கும் வலை அடித்துவிடுங்கள்; மூன்றாம் தளத்திலிருந்து விழும் பூனை எப்போதும் காலூன்றித் தப்பிக்கும் என்பது கதை, தாடை எலும்பு உடைந்து வந்தவற்றுக்கு நான் கம்பி கட்டியிருக்கிறேன். பண்டிகைக்கு முந்தின நாளிலிருந்து அறைச் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, பெட்டிக்குள் அதை விட்டுவிடுங்கள். பலகாரம் கொண்டுவரும் உறவினருக்குப் பூனையைக் காட்ட இந்த ஆண்டு வேண்டாம். ரேபீஸ் ஊசியையும், பூனைகளுக்குரிய முத்தடுப்பு ஊசியையும், குடற்புழு மருந்தையும் மகளுக்கான பத்து நாள் கண்காணிப்பு முடிந்து பூனை அறையில் நிதானமாக நடமாடத் தொடங்கிய பின் போட்டுக்கொள்ளலாம். தூக்கிச் செல்லும் கூடையை இன்றே வாங்கி, கதவைத் திறந்தபடி அறையில் போட்டு வையுங்கள், அதற்குள் அது தூங்கிப் பழகட்டும்.

கடைசியாக, மகள் அதற்குப் புதுப் பெயர் வைக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பூனை பிரித்தறிகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். முன்பு வளர்த்தவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாடம் படித்து முடித்து எழுந்திருக்கும்போது, தீவனம் வைக்கும்போது, அந்தப் பழைய பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும். கட்டிலடியிலிருந்து காது திரும்பினால் எனக்கு எழுதுங்கள். புதுப் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.